வீட்டுக்குள் பெய்த மழை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் பலமுறை பேசியிருக்கிறேன். எல்லாம் பிறருடைய நூல்களைப் பற்றிய பேச்சுகள். பிறருடைய எழுத்தில் குறை காண்பது எளிது. அதில் நான் சளைத்தவன் அல்லன் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்கள் சிலர் நன்கறிவார்கள். இம்முறை அமைப்பாளர்கள் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். "உங்களுக்குப் பிடித்த திரைப்படம், இசை, ஓவியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள், நேரமிருந்தால் குடும்ப வாழ்க்கையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்று பணித்தார்கள்.

'நேரமிருந்தால் குடும்பம்' என்ற சொற்றொடர் என்னைச் சில நாள் உறங்கவிடவில்லை. என் வாழ்நாளில் பெரும்பகுதியை நான் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். முதலில் திரைப்படம், அடுத்து கச்சேரி, பிறகு ஓவியக் கண்காட்சி, இவற்றிற்கெல்லாம் மேல் இலக்கியக் கூட்டம். நேரமிருந்தால் குடும்பம். ஆகவே இன்று என் ரசனைகளைப் பற்றிப் பேசும்போது, அவற்றிற்கு வீட்டில் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இதனை ஒரு கணக்கு ஒப்படைப்பாகக் கொள்ளுங்கள்.

முதலில் திரைப்படம்.

1983ஆம் ஆண்டின் ஐப்பசி மாதம். சென்னை திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, நான்கு குடித்தனங்களுக்குப் பொதுவான முற்றம். நான் ஒரு திரைப்படச் சங்கத்தில் உறுப்பினன். அன்று மாலை சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைத் திரையிடுவதாக அஞ்சலட்டை வந்திருந்தது. பல ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் மட்டுமே அறிந்திருந்த படம். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. காலையிலிருந்தே அவளுக்குக் காய்ச்சல். நான் புறப்பட்டபோது என் துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. "குடையை எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வங்காளத்துக் கிராமம் ஒன்றில் சிதிலமான வீடு. புரோகிதம் செய்து பிழைக்கும் ஹரிஹர், அவன் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, சிறுவன் அப்பு, உறவுக்காரக் கிழவி இந்திர். பிழைப்புத் தேடி ஹரிஹர் வெளியூர் போய்விடுகிறான். சர்வஜயா பாத்திரங்களை விற்று அரிசி வாங்குகிறாள். முதல் மழையில் ஆடிக் களித்த துர்காவைக் காய்ச்சல் பற்றுகிறது. புயலடிக்கும் ஓர் இரவில், காற்று கதவை மோதித் திறக்கப் பார்க்க, தாய் மகளின் அருகே விழித்திருக்கிறாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நான் அழுதேன். கைக்குட்டை நனையும்படி அழுதேன். படம் முடிந்ததும் நண்பர்களோடு தேநீர்க் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு அப்போது வயது இருபத்தொன்றுதான் என்று ஒருவர் சொன்னார். இரயிலைக் காணக் குழந்தைகள் நாணல் பூத்த வெளியில் ஓடும் காட்சியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மறு வாரம் போனபோது பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன என்றும், மீதியை எடுக்க அடுத்த பருவம் வரை ராய் காத்திருந்தார் என்றும் இன்னொருவர் சொன்னார். மழை வலுத்தது. பேச்சும் வலுத்தது. நான் வீடு திரும்பியபோது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது.

மகளின் நெற்றியில் ஈரத் துணி. துணைவியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒழுகும் இடத்தில் ஒரு குண்டான். செருப்பைக் கழற்றும்போதே நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். "அந்த மழையை நீ பார்த்திருக்க வேண்டும்! திரையில் மழை பெய்வதை இதுவரை எவனும் அப்படிக் காட்டியதில்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இங்கேயும் மழைதான். கொடியிலே இருந்த துணியெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை. ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோலச் சொன்னார். அன்று எனக்கு அவர்மேல் சிறு வருத்தம்கூட உண்டாயிற்று. கலையின் உயரம் இவளுக்கு விளங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நானும் அந்த இரவை மறந்துவிட்டேன்.

அடுத்தது இசை.

என் இசைக் கல்வி வானொலி கற்பித்தது. காலையில் மங்கல இசை, சனிக்கிழமை இரவுகளில் அகில பாரத சங்கீத நிகழ்ச்சி. வித்துவான் ஆலாபனையைத் தொடங்கினால், பாட்டு வருவதற்குள் இராகத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட பந்தயம். ஒரு சனிக்கிழமை இரவு, அறையின் மறு கோடியில் துணைவியார் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் நிறுத்தேன், ரேடியோ கேட்கவில்லை" என்றேன். நிறுத்திவிட்டார். அன்று வானொலியில் பாடியவர் யார், பாடிய இராகம் எது என்பது இன்று எனக்கு நினைவில்லை. நின்றுபோன தாலாட்டு நினைவில் இருக்கிறது.

பின்னாளில் வீணை தனம்மாளைப் பற்றிப் படித்தபோது அந்த நினைவு என்னைச் சுட்டது. 1938இல் மறைந்த அந்த மாமேதையின் அரங்கம் அவருடைய வீடுதான். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பார். பெரிய வித்துவான்களெல்லாம் வந்து சத்தமின்றி அமர்ந்து கேட்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. வீணையின் மெல்லிய நாதத்தோடு அவருடைய குரலும் இழைந்து வரும். ஓர் இருமலோ முணுமுணுப்போ அவருக்குப் பொறுக்காது என்பார்கள். அதே வீட்டு இசையைக் கேட்டுத்தான் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பாடகிகளானார்கள், பாலசரஸ்வதி நாட்டியத்தின் சிகரமானார். பாலா ஆடியபோது பாடியவர் அவருடைய தாயார் ஜெயம்மாள். உடன்பிறந்தவர்களில் விசுவநாதன் புல்லாங்குழல், இரங்கநாதன் மிருதங்கம். அந்தக் குடும்பத்தில் சங்கீதம் எங்கே முடிகிறது, இல்லறம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

இங்கே மீண்டும் சத்யஜித் ராய் வருகிறார். அவர் சிறுவனாக இருந்தபோது கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர். நாற்பதாண்டுகள் கழித்து, 1976இல், 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அதில் கடற்கரையில் ஒரு காட்சி. தாய் தன் பிள்ளையை அருகே வரும்படி அழைக்கும் பாவனையிலமைந்த கன்னடப் பாடலுக்குப் பாலா அபிநயிக்கிறார். காற்று சேலையை இழுக்கிறது, பின்னால் அலை புரள்கிறது. பாலாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அலங்காரமெல்லாம் போய், அழைக்கும் ஒரு தாய் மட்டுமே அங்கே நிற்கிறாள். ஒரு வீட்டு வாசலில் மாலை நேரத்தில் தினந்தோறும் நடக்கும் அழைப்பு அது. தனம்மாளின் வீட்டில் இருமலுக்கு இடமில்லை; ஆனால் அந்த வீட்டில் எந்தக் குழந்தையின் தாலாட்டும் சங்கீதத்திற்குத் தடையாக இருந்திராது என்று நம்புகிறேன்.

ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தோற்றுவித்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்திற்கு, விடுமுறை நாள்களில் பேருந்து பிடித்துப் போவேன். கோட்டோவியங்களின் முன் நெடுநேரம் நிற்பேன். ஒரு கோடு எங்கே தயங்குகிறது, எங்கே துணிகிறது என்று நண்பர்களிடம் விளக்குவேன். அப்படிப் போகும் ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலில் ஒரு கோலத்தைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

என் தாயாருக்கு முதுமையில் பார்வை மங்கிவிட்டது. மார்கழி வந்தால் மட்டும் கோலம் போடும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். துணைவியார் பக்கத்தில் குந்தி அமர்ந்து, "பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரைக்கும்" என்று எண்ணிக்கை சொல்லுவார். தாயார் விரலால் தரையைத் தடவி இடைவெளி கணித்துப் புள்ளி வைப்பார். பிறகு இழை ஓடும். சில நாள் ஒரு புள்ளி தவறிப்போகும். மாமியாரின் கோடு எங்கே விலகியதோ அங்கிருந்து மருமகள் தம்முடைய இழையைத் தொடங்கி, எதிர்ப் பக்கத்திலும் அதே விலகலைப் போட்டுச் சமன் செய்துவிடுவார். அழிப்பதில்லை. "தப்பாப் போச்சோ?" என்று தாயார் கேட்டால், "இல்லையம்மா, புதுசா வந்திருக்கு" என்பார்.

இதையெல்லாம் நான் திண்ணையில் செய்தித்தாள் படித்தபடி காதால் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வைத்ததும் ஒரு திரைப்படம்தான். சாந்திநிகேதனில் ராய்க்கு ஓவியம் கற்பித்த ஆசிரியர்களுள் ஒருவர் வினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே குறைந்த பார்வை. நடு வயதில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதுவும் போயிற்று. அதன் பிறகும் அவர் காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவங்கள் பிடித்தார், ஓடுகளால் பெரிய சுவர்ச் சித்திரம் ஒன்றையும் அமைத்தார். 1972இல் ராய் அவரைப் பற்றி 'அகக்கண்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படம் எடுத்தார். அந்த விரல்கள் பரப்பைத் தடவி அளக்கும் காட்சியைத் திரையில் கண்டபோது, இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. என் வீட்டு வாசல்தான். ஆனால் அதற்குள் தாயார் காலமாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

கவிஞர் பெருமக்களே, ஒன்றைக் கவனியுங்கள். நான் எவற்றையெல்லாம் வீட்டுக்கு வெளியே தேடிப் போனேனோ, அவை வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. 'பதேர் பாஞ்சாலி'யில் என் நெஞ்சில் நிற்கும் காட்சி இரயில் காட்சியன்று. ஓர் இரவுக் காட்சி. தந்தை மகனுக்கு எழுத்துக் கற்பிக்கிறார். தாய் மகளுக்குத் தலை பின்னுகிறாள். கிழவி ஊசியில் நூல் கோக்கப் போராடுகிறாள். தொலைவில் இரயில் ஊதுகிறது. கதை என்று சொல்ல அங்கே ஒன்றும் நடக்கவில்லை. உலகமே அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படம் உருவான கதையும் வீட்டுக் கதைதான். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்துக்கொண்டே ராய் அதை எடுத்தார். கைப்பணம் தீர்ந்தபோது மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அப்புவாக நடிக்கச் சிறுவன் கிடைக்காமல் ஊரெல்லாம் தேடியபோது, பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டு சொன்னவரும் அந்த அம்மையார்தான். படம் பாதியில் நின்றபோது, ராயின் தாயாருக்குப் பழக்கமான ஒருவர் வழியாகவே செய்தி மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ராயை எட்டி, அரசின் பண உதவி கிடைத்தது. 1955இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்று பாராட்டப்பட்ட அப்படத்தின் அடியில் ஒரு மனைவியின் நகையும் ஒரு தாயின் பரிந்துரையும் இருக்கின்றன. மேதையின் பெயரை நாம் சொல்கிறோம், சொல்ல வேண்டியதும்தான். மற்றவற்றையும் சொன்னால் மேதைக்குக் குறைவு வந்துவிடாது.

இனி நான் சொல்ல வந்த இடத்திற்கு வருகிறேன்.

1993இல் இலண்டனில் ஒரு படக்கூடத்தில் நேர்ந்த தீ விபத்தில் 'பதேர் பாஞ்சாலி'யின் மூலப் படச்சுருள் கருகிச் சேதமடைந்தது. வல்லுநர்கள் அந்தச் சுருளில் மீட்கக்கூடிய பகுதிகளை மீட்டு, மீதியை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்துப் புதுப்பித்தார்கள். 2015இல் அது மீண்டும் திரையைக் கண்டது. அந்தப் புதுப்பித்த படத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாள். 1983இல் காய்ச்சலில் கிடந்த அதே மகள். இம்முறை துணைவியாரும் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். நாற்பதாண்டு இல்லறத்தில் அவர் ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுந்திருக்காமல் பார்த்தது அதுவே முதல் தடவை என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் விளக்கம் சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் மகள் கையமர்த்திவிட்டாள். படம் இறுதிக்கு வந்தது. ஹரிஹர் ஊர் திரும்புகிறான். துர்கா இறந்தது அவனுக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சர்வஜயாவிடம் காட்டுகிறான். அப்பளக் கட்டை, இலட்சுமி படம், கடைசியாகத் துர்காவுக்கு ஒரு சேலை. சர்வஜயா அந்தச் சேலையை முகத்தோடு சேர்த்துக்கொண்டு உடைகிறாள். அவள் அழும் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ராய் குரலை எடுத்துவிட்டு, இரவிசங்கரின் இசையமைப்பில் தார் ஷெனாய் என்னும் தந்தி வாத்தியத்தை ஒலிக்க விட்டிருக்கிறார். மனிதக் குரலால் தாங்க முடியாததை வாத்தியம் ஏந்திக்கொள்கிறது. இசையைப் பற்றியும் திரைப்படத்தைப் பற்றியும் நான் அறிந்தவற்றில் இதற்கு மேலானது ஒன்றில்லை.

இதைத்தான் துணைவியாரிடம் சொல்ல நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாவம், அவர் கொண்டுவந்ததையே காட்டிண்டிருக்கார். அவ முகத்தைப் பார்க்கலையே" என்றார்.

நண்பர்களே, என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். ஹரிஹருக்காக மட்டும் அவர் அப்படிச் சொன்னாரா, 1983இன் மழை இரவு அவர் நினைவில் இருந்ததா என்பதை நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றும்போதே திரையில் பெய்த மழையைப் பிரித்துக் காட்டத் தொடங்கிய ஒருவனை நான் அறிவேன். அவனும் எதிரே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய மகள் பிழைத்துக்கொண்டாள். அந்த ஒரு வேறுபாடு மட்டும் அவன் பெற்ற பேறு.

அறுபது ஆண்டுகளாக உலகெங்கும் அறிஞர்கள் எழுதிக் குவித்த படத்தில், எந்தக் கட்டுரையிலும் நான் படித்திராத ஒன்றை, அதை முதல் முறையாகப் பார்த்த ஒருவர் கண்டு சொல்லிவிட்டார். அந்தப் பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது? தவறிய புள்ளியை அழிக்காமல் கோலத்தை முடித்த இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் வரை விழித்திருந்த இரவுகளிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தமிழ்க் கவிஞர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க நியாயமில்லை. வாழ்வையே அகம், புறம் என்று பகுத்து, அகத்தை முன்னே வைத்த மரபு நம்முடையது. குறுந்தொகையின் 167ஆம் பாடலைக் கூடலூர் கிழார் பாடியிருக்கிறார். புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் சுவைத்து மகிழ்ந்து உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே ஒரு கவிஞர் அடுக்களைப் புகையைப் பார்த்தார், அதற்குப் பின்னாலிருந்த முகத்தையும் பார்த்தார். அதனால்தான் அது கவிதையாயிற்று. நானோ அந்தப் பாடலுக்கு இதே வட்டத்தில் அரைமணி நேரம் உரை சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய், இலையில் விழுந்ததை என்னவென்று பாராமல் உண்டவன்.

ஆகவே இந்தப் பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். நம் வட்டம் இனியும் பல்லாண்டு சுழல வேண்டும். நல்ல படங்களைத் தேடிப் பாருங்கள், நல்ல சங்கீதத்தைக் கேளுங்கள், ஓவியங்களின் முன் நில்லுங்கள். அவற்றில் எதையும் நான் கைவிடச் சொல்லவில்லை. நானும் கைவிடப் போவதில்லை. திரும்பி வந்து கதவைத் தட்டியதும், கொண்டுவந்ததைப் பிரித்துக் காட்டுவதற்கு முன்னால், திறந்தவரின் முகத்தை ஒரு கணம் பாருங்கள். உங்களை அந்தக் கலை உண்மையாகவே தொட்டிருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இந்த உரையை நேற்றிரவு துணைவியாருக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய அனுமதி இல்லாமல் இவற்றை அவையில் சொல்வது முறையன்று. பொறுமையாகக் கேட்டார். தனம்மாளின் வீட்டைப்போல நம் கூட்டங்களையும் மாதம் ஒருவர் இல்லத்தில் குடும்பத்தோடு நடத்தலாம் என்று ஒரு யோசனையும் எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "நடத்தலாம். காபி யார் போடறது?"

அந்த யோசனையை உரையிலிருந்து நீக்கிவிட்டேன். காபி போட நான் கற்றுக்கொண்ட பிறகு, பதினோராம் ஆண்டில், அதைத் தங்கள் முன் மீண்டும் வைக்கிறேன்.